கொசுக்கடியும் வளர்ப்பு நாயும்

மைசூரு விஜயநகர் போன்ற குடியிருப்புகளில் கொசு ஒழிப்பு ஊழியர் வீட்டுக்கு வந்தால், நீர்த்தொட்டியைத் திறந்து பார்ப்பார். பூந்தொட்டியின் அடித்தட்டையும் கவனிப்பார். வாயிலில் கட்டியிருக்கும் நாயைப் பற்றி அவர் வினவுவது அரிது. நாய் கால்நடை இலாகாவைச் சேர்ந்தது என்ற எண்ணமே இதற்குக் காரணம் போலும். கொசுவுக்கோ இலாகாப் பாகுபாடு கிடையாது.

கவனக்குறைவின் விலையை இந்நாடு ஒருமுறை செலுத்தியிருக்கிறது. 1958-இல் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தால் 1961-இல் நோயாளிகளின் தொகை சுமார் ஐம்பதாயிரமாகக் குறைந்தது. பின்னர் கண்காணிப்புத் தளர்ந்தது, டி.டி.டி.யை எதிர்க்கும் ஆற்றலையும் கொசுக்கள் பெற்றன. 1976-இல் அத்தொகை அறுபத்துநான்கு லட்சமாயிற்று.

பிராணிகளைப் புறக்கணிப்பதும் இத்தகைய தவறே. 1955-இல் வேலூரில் முதன்முதலாக அறியப்பட்ட ஜப்பானிய மூளையழற்சியின் கிருமி, பன்றிகளிடத்தும் கொக்கு இனப் பறவைகளிடத்தும் பெருகி, வயற்கொசுவின் மூலம் மனிதனை அடைகிறது. மைசூருவுக்கு அடுத்துள்ள மண்டியா மாவட்டமும் அந்நோயைக் கண்டதுண்டு. நாயைத் தாக்கும் இழைப்புழுக்களுள் ஒருவகை, கொசுக்கடியால் உட்புகுந்து ஆறு மாதமளவில் முதிர்ந்து, நுரையீரல் தமனிகளிலும் இதயத்தின் வலப்புறத்திலும் தங்குகிறது. இருமலும் இளைப்பும் தோன்றும்போது நோய் முற்றியிருக்கும். மற்றொரு வகை நாயின் தோலடியில் வாழ்வது. சிற்சில வேளைகளில் மனிதரின் கண்ணிலும் தோலிலும் காணப்படுகிறது. டெங்கு மட்டும் நாய்க்கு வருவதாக அஞ்ச வேண்டியதில்லை.

ஆகவே, வீடுதோறும் நிரப்பும் படிவத்தில் பிராணிகளுக்கும் ஓர் இடம் ஒதுக்குவது அவசியம். மாதந்தோறும் கொடுக்கும் புழுத்தடுப்பு மருந்தைக் கால்நடை மருத்துவரே நிர்ணயிக்க வேண்டும். மனிதர் பூசும் கொசுவிரட்டிகளை நாய் பூனைகளுக்குப் பூசலாகாது; பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சாகும். புகையடிப்பதை ஜனங்கள் விரும்புகிறார்கள், கண்ணுக்குத் தெரிகிற காரியம் அல்லவா! ஆனால் அது பறக்கும் கொசுவையே கொல்லும். நீரிலுள்ள புழுவைத் தொடாது. நாயின் நீர்க்கிண்ணத்தை வாரம் ஒருமுறையேனும் நன்கு தேய்த்துக் கழுவுவது அதனினும் பயன் தரும். ஈடிஸ் கொசுவின் முட்டை பாத்திரத்தின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு, உலர்ந்தும் பல மாதம் உயிர் தாங்கும். நீரை வெறுமனே கொட்டிவிட்டால் போதாது.

ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே காட்டலாம். கண்ணாடிக் குவளையில் தேங்கிய நீரை எடுத்து வைத்தால், மலேரியாக் கொசுவின் புழு நீர்ப்பரப்புக்கு இணையாகக் கிடக்கும். ஈடிஸ், கியூலெக்ஸ் புழுக்கள் தலைகீழாகத் தொங்கும். பிள்ளைகள் அன்று மாலையே தங்கள் வீட்டு நாயின் கிண்ணத்தை எட்டிப் பார்ப்பார்கள்.