முதலில் காது

காணொளியும் ஒலியும் சேர்ந்த கலை நிர்மாணத்தைத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் திரையின் அளவில் தொடங்கி, ஒலிபெருக்கியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே என் கட்சி. படம் சுவரோடு நின்றுவிடும். ஒலியோ அடுத்த அறைக்குள் புகும், வெறுஞ்சுவரில் மோதித் திரும்பிச் சொற்களைக் குழப்பும். ஐஸ்லாந்துக் கலைஞர் ராக்னர் க்யார்டன்சன் 2012-இல் உருவாக்கிய ‘த விசிட்டர்ஸ்’ இதற்கு நல்ல சான்று. நியூயார்க் மாநிலத்துப் பழைய மாளிகை ஒன்றில், இசைக்கலைஞர்கள் வெவ்வேறு அறைகளில் இருந்தபடி, ஹெட்போனில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே ஒரே பாடலை இசைக்கிறார்கள் (க்யார்டன்சன் கிடாருடன் குளியல் தொட்டியில்!). ஒன்பது திரைகள், 64 நிமிடங்கள். அந்தந்தத் திரையின் ஒலி அங்கிருந்தே வருகிறது. செல்லோவை நெருங்கினால் செல்லோ ஓங்கும்; நகர்ந்தால் பியானோ. பார்வையாளரின் கால்களே இசையைக் கலக்கின்றன. எல்லா ஒலியையும் இரண்டே பெட்டிகளில் அடைத்திருந்தால், மிஞ்சுவது ஒன்பது துண்டாக நறுக்கிய இசைப்படம்தான்.

ஆளுக்கொரு ஹெட்போன் கொடுத்தால் போயிற்று என்பார்கள். ஒருவர் பேசும் நேர்காணலுக்கு அது பொருந்தும். இங்கே கொடுத்தால் கூடத்தில் நிற்பவர்கள் தனித்தனித் தீவாகிவிடுவார்கள். செலவு கூடும் என்பது இதைவிட நியாயமான மறுப்பு. ஆனால் கனத்த திரைச்சீலையும் தரைவிரிப்பும் எதிரொலியை ஓரளவு விழுங்கிவிடும். அதற்கும் பணமில்லை என்றால், ஒரு திரையைக் குறைத்துக்கொள்ளட்டும்.