ஒப்பிட்டுப் பார்க்க நம்ம ஒடம்பு

எம்.ஏ. தமிழில் ரெண்டு வருசம் முலைக்கான உவமைகளை மனப்பாடம் செய்திருக்கிறேன். தாமரை மொட்டு, பொற்கலசம், யானைத் தந்தம். எழுதி மார்க்கும் வாங்கினேன். மதுரையை எரித்த ஒற்றை முலைக்கு ஒரு கட்டுரை வினா உண்டு. கட்டி வந்த முலை எந்தப் பாடத்திலும் வரவில்லை. வரப்பில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு மறுபடி சேற்றில் இறங்குகிறவளின் முலைக்கும் அங்கே இடமில்லை. மூடுவதற்கே போராட வேண்டியிருந்த முலைகள் நம் மண்ணில் உண்டு. திருவிதாங்கூரில் 1859இல் நாடார் பெண்களுக்கு அரசாணை வந்தது. அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. யார் மூடலாம், எப்படி மூடலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது.

இப்போது அந்த மார்பை விஞ்ஞானம் பார்க்கிறது. எப்படிப் பார்க்கிறது என்பதுதான் என் கேள்வி.

1998இல் மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை ஒரு ஆய்வைத் தொடங்கியது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் பணம் கொடுத்தது. குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரை 1,51,538 பெண்கள். அவர்களை ரெண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை, நாலு சுற்று, மார்பைக் கையால் தொட்டுப் பரிசோதனை. கர்ப்பப்பை வாயில் வினிகர் தடவியும் பார்த்தார்கள். இன்னொரு பாதிக்குப் புற்றுநோய் பற்றி விளக்கிச் சொன்னார்கள். அவ்வளவுதான். சோதனை கிடையாது. இவர்களுக்கு ‘ஒப்பீட்டுக் குழு’ என்று பெயர். அந்தப் பக்கம் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று தெரிய, இந்தப் பக்கம் எத்தனை பேர் சாகிறார்கள் என்று எண்ண வேண்டும் அல்லவா?

எண்ணினார்கள். மும்பையிலும், உஸ்மானாபாத்திலும், நம்ம திண்டுக்கல்லிலும் நடந்த மூன்று ஆய்வுகளில் சோதனை செய்யப்படாமல் விடப்பட்டவர்கள் 1,38,624 பேர். அவர்களில் குறைந்தது 254 பேர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் செத்துப்போனார்கள். அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா 2014இல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் இதை எழுதிக் கேள்வி கேட்டார்.

ஆய்வாளர்கள் சொன்ன பதிலைத் தோழர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். “நாங்கள் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. இந்தியாவில் பரிசோதனை என்பதே வழக்கத்தில் இல்லை. வழக்கத்தில் உள்ளதைத்தான் அவர்களுக்குக் கொடுத்தோம்.”

வழக்கத்தில் உள்ளது! இந்த வார்த்தையை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? டீக்கடையில் தனி கிளாஸ் வைத்தவனும் இதையேதான் சொன்னான். காலனிக்குத் தண்ணிக் குழாய் வரல. குழாய் இல்லாத காலனியில எத்தனை பேருக்கு வாந்திபேதி வருதுன்னு எழுதிக்க நோட்டும் பேனாவுமா ஒருத்தன் வர்றான். ஏன்யா குழாய் போடலன்னா, “இங்க குழாய் இல்லாததுதான வழக்கம்”ங்கிறான். அந்த வழக்கம் மழை மாதிரி வானத்திலிருந்து விழுந்ததா? நூற்றாண்டு நூற்றாண்டாக ஊருக்கு வெளியே தள்ளி வைத்ததால் உண்டான இல்லாமை அது. அந்த இல்லாமையையே ஆராய்ச்சிக்கான தளமாக எடுத்துக்கொள்கிறவன், தன்னை அறியாமலே சாதியைத் தன் அளவுகோலில் ஒரு கோடாகப் போட்டுக்கொள்கிறான்.

அப்போ ஆராய்ச்சியே வேணாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். வேண்டும். அதில் கிடைத்ததும் நமக்கு வேண்டும்.

மும்பை ஆய்வின் இருபது வருச முடிவு 2021இல் வந்தது. கையால் தொட்டுப் பார்த்த பெண்களிடம் நோய் முன்கூட்டியே பிடிபட்டது. மொத்தத்தில் சாவு 15 விழுக்காடு குறைந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று அவர்களே நேர்மையாகச் சொல்கிறார்கள். ஆனால் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. பெரிய மெஷின் இல்லை. டாக்டர்கூட இல்லை. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்களின் விரல்கள்தான்.

அதாவது, தொட வேண்டும். தொடாமையைத் தருமமாக வைத்திருக்கிற நாட்டில் நோய் கண்டுபிடிக்கும் வழி தொடுவது என்று வந்து நிற்கிறது. காலனிக்குள் வராமல் ஊர்ச் சாவடியில் நின்று மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிற கை, நம் பெண்களின் மார்பைத் தொடுமா? 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஐந்து வருசத்துக்கு ஒரு முறை இந்தச் சோதனை செய்ய வேண்டும் என்று 2016இலேயே மத்திய அரசு வழிகாட்டுதல் போட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் மார்புப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 0.9 விழுக்காடு. நூற்றுக்கு ஒருத்திகூட இல்லை. ஒப்பீட்டுக் குழு என்பது மும்பையில் முடிந்துபோன ஒன்றல்ல. முழு நாடும் அதுதான். நம்ம சேரி அதில் கடைசி வரிசை.

எங்க கம்மாபுரம் பக்கம் பூமிக்கடியில் எவ்வளவு ஆழத்தில் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது என்று துளை போட்டுக் கண்டுபிடித்தார்கள். 1956இல் கம்பெனி வந்தது. மண்ணுக்குள் இருப்பதைத் தேடத் தெரிந்த அரசு, அந்த மண்ணுக்கு மேலே நடவு நடுகிறவளின் மாரில் இருப்பதைத் தேடவில்லை. என் சின்னம்மாவுக்கு எடது மாருல புளியங்கொட்ட அளவுக்குக் கட்டி. ஒரு வருசம் யாருகிட்டயும் சொல்லல. ஏன் சின்னம்மான்னு கேட்டதுக்கு, “வலிக்கலியே பாப்பா. வேலைக்குப் போயிக்கிட்டுதான இருந்தன்” என்றது. கூலிக்காரி ஒடம்பு நோயை வலியால்தான் அளக்கும். வேலைக்குப் போக முடிந்தால் நோய் இல்லை. ஆனால் மார்புப் புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதை வீட்டுக்கு வந்து சொல்ல ஒரு ஆள் இல்லை.

அறுவைக்கு வருவோம். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தால், முழு மார்பை எடுப்பதற்குச் சமமாகவே உயிர் பிழைக்கிறார்கள் என்று பெர்னார்ட் ஃபிஷர் குழு 1985இல் காட்டியது. கதிர்வீச்சு என்றால் வாரக்கணக்கில் தினம் போக வேண்டும். கூலி போகும், பஸ் காசு போகும், பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். ஆகவே கூலிக்காரி ‘முழுசா எடுத்துடுங்க’ என்கிறாள். கேஸ் சீட்டில் அது நோயாளியின் விருப்பம் என்று பதிவாகிறது. எங்க சின்னம்மாவுக்கும் முழுசாதான் எடுத்தாங்க.

இன்னொன்றும் உண்டு. பல் பிடுங்கும்போது போடுகிற மரப்பு ஊசி மருந்து லிக்னோகெயின். அறுவைக்கு 7 முதல் 10 நிமிடம் முன்னால் அதைக் கட்டியைச் சுற்றிப் போட்டால் என்ன ஆகிறது என்று டாடாவின் ராஜேந்திர பட்வே குழு 11 மருத்துவமனைகளில் 1,600 இந்தியப் பெண்களிடம் சோதித்தது. 2023இல் வெளியான முடிவு: ஐந்து வருசம் உயிரோடு இருந்தவர்கள் ஊசி போடாத பக்கம் 86.4 விழுக்காடு, போட்ட பக்கம் 90.1. டீச் செலவில் வாங்கக்கூடிய மருந்து. நம் பெண்களின் உடம்பிலிருந்து கிடைத்த இந்த அறிவு மாவட்ட அரசு ஆஸ்பத்திரி அறுவை மேசைக்கு வந்துவிட்டதா என்று கேட்பது நம் வேலை.

கடைசியில் வலி. சின்னம்மாவுக்கு முதுகெலும்புக்குப் பரவியபோது ஒரு ஆஸ்பத்திரியில், “இனி ஒண்ணும் செய்றதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார்கள். கையில் கொடுத்தது காய்ச்சல் மாத்திரை. ராத்திரி பூராவும் அலறியது. தெருவே தூங்கவில்லை. புற்று வலிக்கு மார்ஃபின் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே படிப்படியாக எழுதி வைத்தது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு அபின் விளைகிறது. ஆனால் இந்தியாவில் தேவைப்படுவதில் 4 விழுக்காடுதான் கிடைக்கிறது என்று 2017இல் லான்செட் ஆணையம் சொன்னது. 1985 போதைமருந்துச் சட்டத்தின் பயத்தில் ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை வாங்காமலே விட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தியும் பயம் போகவில்லை. கோழிக்கோட்டில் 1993இல் ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், வீடு தேடிப்போய் மருந்து கொடுக்க முடியும் என்று காட்டியிருக்கிறது. முடியாது என்பது பொய்.

மாணவர்களே, எழுத்தாளர்களே, இதை இரங்கல் கவிதையாக்கிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கேட்க வேண்டியது நாலு. எந்த ஆய்விலும் ‘வழக்கத்தில் உள்ளது’ என்ற பெயரால் நம்மை வெறுங்கையோடு நிறுத்தாதே. முடிவு வந்தால் முதலில் உடம்பு கொடுத்த பகுதிக்குக் கொண்டு வா. 2021 முதல் வீடு வீடாகப் போகிற மக்களைத் தேடி மருத்துவப் பெண்களுக்கு மார்பைச் சோதிக்கப் பயிற்சி கொடு, காலனிக்குள் அனுப்பு, எத்தனை பேரைத் தொட்டுப் பார்த்தார்கள் என்று தெருவாரியாகக் கணக்குக் காட்டு. ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் மார்ஃபின் வை.

பேரூராட்சிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் மனு எழுதத் தெரிந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். தெருவில் எத்தனை பொம்பளைகள் கட்டியை மாராப்புக்குள் மறைத்துக்கொண்டு நடவுக்குப் போகிறார்கள் என்று நாமே கேட்டு எழுதி, அந்தக் கணக்கோடு போய் நிற்போம்.