வேவு பார்த்தால் புள்ளி போகட்டும்



இங்கிலாந்துக் கால்பந்தில், 2019-இல் டெர்பி கவுன்டியின் பயிற்சியை வேவு பார்க்க ஆள் அனுப்பிய லீட்ஸ் யுனைடெட்டுக்கு 2 லட்சம் பவுண்டு அபராதம். அதையும் பயிற்சியாளர் பியெல்சாவே கட்டினார். அணிக்கு ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் நியூசிலாந்தின் பயிற்சிக்கு மேல் டிரோன் பறக்கவிட்டதற்கு, கனடா மகளிர் அணி 6 புள்ளிகளை இழந்தது. பயிற்சியாளர் உட்பட மூவருக்கு ஓராண்டுத் தடை. முதல் மூன்று ஆட்டங்களிலும் வென்ற அந்தப் பெண்களை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனாலும் புள்ளியைக் குறைத்த உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா செய்ததே சரி. திருட்டுத் தகவலின் பலன் களத்தில்தானே கிடைக்கிறது?

வேவு பார்க்கும் ஒற்றாடலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தார். அது அரசனுக்கு, ஆட்டக்காரனுக்கு அல்ல. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் புள்ளிக் குறைப்பையும் தடையையும் விதியில் இப்போதே தெளிவாக எழுதி வைக்கட்டும்.

– ஒரு வாசகர், எட்டயபுரம்