குப்பைப் பைக்குள் கண்ணாடியைப் போட்டது யார்?

பஜ்ரு தொழுகைக்குப் போகும் வழியில், தோளில் சாக்குப் பையோடு தொட்டியைக் கிளறும் பெண்களையும் சிறுவர்களையும் தினமும் பார்க்கிறோம். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிறோம். அவர்களுடைய கைகளைப் பார்த்ததுண்டா? கண்ணாடி கிழித்த தழும்பு, ஊசி குத்திய புண், ஆசிட் பட்டுத் தோலுரிந்த விரல்!

இது தலைவிதியா? இல்லை, நம் வீட்டுப் பையிலிருந்து போன காயம்! உடைந்த டம்ளரையும், இன்சுலின் போட்ட ஊசியையும் மிச்சச் சோற்றோடு ஒரே பையில் முடிந்து எறிபவர் யார்? நாம்தானே! ஒரு கீறலில் டெட்டனஸ் வரலாம்; ஒரு ஊசி குத்தலில் ஹெபடைடிஸ் பி வரலாம்.

பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். முள்ளை அகற்றச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு பைக்குள் முள்ளை மறைத்து வைப்பது நியாயமா? பெருமானாரின் பள்ளியைக் கூட்டிப் பெருக்கிய பெண்மணி இறந்தபோது, தோழர்கள் அதைப் பெரிதாக எண்ணாமல் அடக்கிவிட்டார்கள். பெருமானார் (ஸல்) விசாரித்து அறிந்து, கப்ரைத் தேடிச் சென்று தொழுதார்கள். துப்புரவு செய்பவருக்கு மார்க்கம் தந்த மதிப்பு இது!

வணிகச் சகோதரர்களே! நமக்குத் தனிப் பொறுப்பும் உண்டு. பழைய இரும்புக் கடைக்கு 'காயலான் கடை' என்றே பெயர். காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் என்பார்கள். இன்றும் நம்மவர்கள் பலர் இத்தொழிலில் இருக்கிறார்கள். பொறுக்கி வருபவர் ஒயரைத் தெருவோரத்தில் கொளுத்துவது ஏன்? கொளுத்தி எடுத்த செம்புக்கு நல்ல விலை. உறையோடு கொண்டு வந்தால் அடிமாட்டு விலை! பி.வி.சி. எரியும் புகையில் டையாக்சின் என்னும் நஞ்சு இருக்கிறது. பேட்டரியை உடைத்தால் பரவும் ஈயம் குழந்தைகளின் மூளையைத் தாக்குகிறது.

ஆபத்து வாங்குபவரையும் விடாது. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்ததை மறக்கலாமா? பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் விட்ட கருவிக்குள் கோபால்ட்-60 கதிரியக்கப் பொருள் இருந்தது. தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். கடைக்காரரும் மருத்துவமனையில் கிடந்தார்.

கையுறை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டால் கடமை முடிந்ததா? கனத்த கையுறையோடு பொருளைத் தடவிப் பிரிக்க முடியாது; வெயிலில் கை வெந்து போகும். மறுநாளே கழற்றிவிடுவார்கள். குப்பை பிரிந்து வந்தால்தான் காயம் குறையும். புனே நகரில் குப்பை பொறுக்குவோர் 1993-ல் சங்கம் அமைத்தார்கள். 2008-ல் அவர்களுடைய 'ஸ்வச்' கூட்டுறவு, மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்து வீடு வீடாகச் சேகரிக்கத் தொடங்கியது. நாப்கினைக் காகிதத்தில் சுற்றிச் சிவப்புப் புள்ளி வைத்துத் தாருங்கள் என்று வீட்டாரிடம் கேட்டார்கள். ஒரு பேனா மையில் கிடைக்கும் பாதுகாப்பு!

2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லிவிட்டன. பொறுக்குவோரை உள்ளாட்சிகள் அங்கீகரிக்கச் சொல்லிவிட்டன. 2024-ல் மத்திய அரசின் 'நமஸ்தே' திட்டத்திலும் அவர்கள் சேர்க்கப்பட்டார்கள். பாதுகாப்புச் சாதனம், மருத்துவக் காப்பீடு எல்லாம் காகிதத்தில் இருக்கின்றன. பெயர் பதிந்தால்தானே கைக்கு வரும்? எழுதப் படிக்கத் தெரியாதவர் எந்த அலுவலகப் படியேறுவார்?

இளைஞர்களே, இதுதான் உங்கள் வேலை! உங்கள் பகுதியில் பொறுக்குவோரைக் கணக்கெடுங்கள். மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று பதிவு செய்யுங்கள். மஹல்லா ஜமாஅத்துகள் அரசு மருத்துவர்களை அழைத்து டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முகாம் நடத்தட்டும். மதம் பார்க்க வேண்டாம். தலித் சகோதரியின் கையில் வடியும் இரத்தமும் இரத்தம்தான்!

வணிகர்கள் ஒயரை உறையோடு நியாய விலைக்கு வாங்கி, உரிக்கும் கருவியைக் கடையிலேயே வைக்கலாம். "போட்டியில் நான் மட்டும் எப்படி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒரு கடை தனியாகச் செய்தால் நஷ்டம். வியாபாரிகள் சங்கம் கூடி முடிவெடுத்தால் தெருவுக்கே ஒரே விலை. கடை வாசலில் தண்ணீர், சோப்பு, முதலுதவிப் பெட்டி வைக்க யாருடைய தீர்மானமும் தேவையில்லை!

முகாமும் பதிவும் நடக்கச் சில வாரமாகும். பையைப் பிரிக்க இன்றிரவே போதும். ஊசியை மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள். கண்ணாடியைக் கனத்த காகிதத்தில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதித் தனியே வையுங்கள். நாளை அதைத் தொடும் கை பிழைக்கும், இன்ஷா அல்லாஹ்.