ஊசி மேல் விழுந்த பழி

2013-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம், ஒரு சனிக்கிழமை.

பிரிட்டனில், வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த ஸ்வான்சீ நகரம். அங்குள்ள ஆஸ்பத்திரி வாசலில் நீண்ட வரிசை. பெற்றோர்கள் பிள்ளைகளோடு நின்றார்கள்.

வரிசையில் நின்ற பலர் கைக்குழந்தைகள் அல்ல. 10 வயது, 14 வயது, 16 வயதுப் பிள்ளைகள். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைகள்!

அவர்கள் எதற்காக வந்தார்கள்? தட்டம்மைத் தடுப்பு ஊசி போட்டுக்கொள்ள வந்தார்கள்.

ஒரு வயதில் போட்டிருக்கவேண்டிய ஊசி அது. அதை 14 வயதில் போட ஓடி வந்தது ஏன்?

ஊரில் தட்டம்மை பரவிவிட்டது. சுமார் 1,200 பேருக்கு நோய் கண்டதாகப் பதிவாயிற்று. 80-க்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். 25 வயது வாலிபர் ஒருவர் இறந்துபோனார்.

அந்தப் பிள்ளைகள் குழந்தையாக இருந்தபோது பெற்றோர் ஊசி போடவில்லை. அவர்களைத் தடுத்தது சோம்பல் அல்ல; பயம். "இந்த ஊசி போட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும்" என்ற பயம்.

ஒரு தாயின் கேள்வி

ஆட்டிசம் தொத்துநோய் அல்ல. பைத்தியமும் அல்ல. மூளை வளரும் விதத்தில் ஏற்படும் வேறுபாடு.

பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் சில குழந்தைகள் திரும்பிப் பார்ப்பதில்லை. முகம் பார்த்துச் சிரிப்பதில்லை. வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவதில்லை. பேச்சு வரத் தாமதம் ஆகிறது. கற்ற நாலு சொற்களையும் மறந்துவிடும் குழந்தைகளும் உண்டு.

நேற்று "அம்மா" என்று அழைத்த குழந்தை இன்று அழைக்கவில்லை என்றால், பெற்றவள் மனம் என்ன பாடுபடும்? "ஏன் இப்படி ஆயிற்று?" என்று அவள் கேட்கத்தான் செய்வாள்.

இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் நிபுணர்கள் சொன்ன பதில் கொடுமையானது. "தாய் சரியாக அன்பு காட்டவில்லை. அதுதான் காரணம்" என்று 1950, 1960-களில் அமெரிக்காவில் சிலர் சொன்னார்கள். அது தவறு என்று பிறகு தெரிந்தது. ஆனால், பழி சுமந்த தாய்மார் சிந்திய கண்ணீருக்கு யார் ஈடு செய்வது?

லண்டனில் வெடித்த குண்டு

1998-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், லண்டனில் பத்திரிகை நிருபர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. டாக்டர் ஆண்ட்ரூ வேக்பீல்டு பேசினார். அவர் குடல் நோய் ஆராய்ச்சி செய்தவர்.

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்று நோய்களையும் தடுக்க ஒரே ஊசி போடுகிறார்கள். அதற்கு எம்.எம்.ஆர். என்று பெயர். "அந்தக் கூட்டு ஊசி வேண்டாம். தனித்தனியாகப் போடுங்கள்" என்றார் வேக்பீல்டு.

அவரும் மற்றும் 12 பேரும் எழுதிய கட்டுரை 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. எத்தனை குழந்தைகளைப் பார்த்து எழுதினார்கள்? வெறும் 12 குழந்தைகள்! அவர்களில் 8 பேரின் கோளாறு ஊசிக்குப் பிறகு தொடங்கியதாகச் சொல்லப்பட்டது. ஊசிதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை என்று அந்தக் கட்டுரையே ஒப்புக்கொண்டது.

ஆனால், பயத்துக்கு நிரூபணம் தேவை இல்லையே! பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டன. டெலிவிஷனில் தாய்மார்கள் அழுதார்கள். 2001-ம் ஆண்டு, "உங்கள் கடைசி மகனுக்கு இந்த ஊசி போட்டீர்களா?" என்று பிரதமர் டோனி பிளேரைக் கேட்டார்கள். "அது குடும்ப விஷயம்" என்று அவர் பதில் சொல்ல மறுத்தார். ஜனங்களின் சந்தேகம் இன்னும் வளர்ந்தது.

இங்கிலாந்தில் முன்பு 100 குழந்தைகளில் 92 பேர் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டார்கள். 2003-04-ல் அது 80 ஆகக் குறைந்தது.

காக்கையும் பனம்பழமும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். காக்கை உட்கார்ந்தது உண்மை. பழம் விழுந்ததும் உண்மை. ஆனால், காக்கை தள்ளியா பழம் விழுந்தது?

பிரிட்டனில் இந்த ஊசியின் முதல் தவணை குழந்தைக்கு ஒரு வயது முடியும்போது போடப்பட்டு வந்தது. ஆட்டிசத்தின் அடையாளங்கள் பெற்றோரின் கண்ணில் படுவதும் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள்தான். இரண்டும் ஒரே காலத்தில் வருகின்றன. ஊசி போட்ட நாள் தாய்க்கு நன்றாக நினைவு இருக்கும். குழந்தை அழுதது, இரவில் ஜுரம் கண்டது, எல்லாம் நினைவு இருக்கும். ஆகவே, மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. தாய் பொய் சொல்லவில்லை. அவள் பார்த்ததைத்தான் சொல்கிறாள்.

காக்கை தள்ளியதா, பழம் தானே விழுந்ததா என்று அறிய ஒரு வழி உண்டு. காக்கை உட்காத மரத்தையும் பார்க்கவேண்டும்.

டென்மார்க்கில் அப்படிப் பார்த்தார்கள். 1999 முதல் 2010 வரை பிறந்த 6 லட்சத்து 57 ஆயிரம் குழந்தைகளின் கணக்கை எடுத்தார்கள். ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டார்கள். 2019-ல் முடிவு வெளிவந்தது. இரு சாராரிலும் ஆட்டிசம் ஒரே அளவில்தான் இருந்தது!

ஜப்பானில் வேறொரு கோளாறு காரணமாக, 1993-ல் இந்தக் கூட்டு ஊசியையே நிறுத்திவிட்டார்கள். ஊசி காரணமாக இருந்தால், அதன் பிறகு ஆட்டிசம் குறைந்திருக்கவேண்டும் அல்லவா? குறையவில்லை. யோகோஹாமா நகரில் கணக்கு எடுத்தபோது, அது கூடிக்கொண்டேதான் போயிருந்தது.

வெளுத்தது சாயம்

பிரையன் டீர் என்ற நிருபர் 2004 முதல் இந்த விஷயத்தைத் துருவினார். மருந்துக் கம்பெனிகள் மீது வழக்குப் போட முயன்ற வக்கீல்களிடம் வேக்பீல்டு பணம் வாங்கியது வெளிவந்தது. மொத்தம் 4 லட்சத்து 35 ஆயிரம் பவுனுக்கு மேல்!

பொது மருத்துவ கவுன்சில் விசாரித்தது. தகுந்த அனுமதி இல்லாமல் குழந்தைகளின் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தது, குடலில் குழாய் செலுத்தியது எல்லாம் தெரியவந்தது. சொந்த மகனின் பிறந்தநாள் விருந்துக்கு வந்த குழந்தைகளுக்கு 5 பவுன் வீதம் கொடுத்து இரத்தம் எடுத்ததும் தெரிந்தது.

2010 பிப்ரவரியில் 'லான்செட்' அந்தக் கட்டுரையை ரத்து செய்தது. மே மாதம், டாக்டர் பட்டியலிலிருந்து வேக்பீல்டின் பெயர் நீக்கப்பட்டது. தாம் குற்றம் செய்யவில்லை என்றே அவர் சொல்லி வருகிறார். ஆனால், அந்த 12 குழந்தைகளில் சிலருக்கு ஊசிக்கு முன்பே கோளாறு தெரிந்திருந்தது என்று பழைய மருத்துவக் குறிப்புகள் காட்டின.

இரண்டு தீமைகள்

இந்த வதந்தி இரண்டு தீமைகளைச் செய்கிறது.

ஒன்று, நோய் திரும்பி வருகிறது. தட்டம்மை சாதாரண நோய் அல்ல. நோய் கண்ட ஒருவர் இருமினால், அந்தக் காற்றே போதும், மற்றவருக்குத் தொத்திக்கொள்ளும். நிமோனியா ஆக மாறும். மூளையையும் தாக்கும். 2025-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தட்டம்மை பரவியபோது, ஊசி போடாத 2 குழந்தைகள் இறந்தார்கள்.

மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. ஆட்டிசம் உள்ள குழந்தையின் தாய், "நான்தானே ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்!" என்று நெஞ்சில் அடித்துக்கொள்கிறாள். அன்று 'அன்பு இல்லாதவள்' என்ற பழி. இன்று 'ஊசி போட்டவள்' என்ற பழி. இரண்டும் பொய். ஆட்டிசத்துக்குப் பரம்பரையின் பங்கு பெரிது. பெரும்பாலும் பிறக்கும் முன்பே அதன் வித்து விழுந்துவிடுகிறது. இதில் தாயின் குற்றம் எதுவும் இல்லை.

கேட்டால் பதில் சொல்லுங்கள்

வதந்திக்குப் பாஸ்போர்ட்டு தேவை இல்லை. 2017-ல் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடங்களில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது, வாட்ஸ்அப்பில் ஊசியைப் பற்றிப் புரளி பரவியது. பல பெற்றோர்கள் பயந்து மறுத்தார்கள்.

பயந்தவர்களை ஏசுவதில் பயன் இல்லை. டாக்டரும் நர்சும் கேள்வியைப் பொறுமையாகக் கேட்டு, பதில் சொல்லவேண்டும். ஊசிக்குப் பிறகு ஜுரம் வரலாம். சிறு தடிப்பு வரலாம். அபூர்வமாக ஜுரத்தில் வலிப்பும் வரலாம். இதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லவேண்டும். உள்ளதைச் சொன்னால்தான் நம்பிக்கை பிறக்கும். பத்திரிகைகளும், 12 குழந்தைகளின் கதையைப் பெரிய எழுத்தில் போட்டால், 6 லட்சம் குழந்தைகளின் கணக்கையும் அதே எழுத்தில் போடவேண்டும்.

பெற்றோர் செய்யவேண்டியவை இரண்டு. நம் நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 முதல் 12 மாதத்தில் ஒரு தடவையும், 16 முதல் 24 மாதத்தில் மறு தடவையும் இலவசமாகப் போடப்படுகிறது. அதைத் தவறாமல் போடுங்கள். குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லை, பேசவில்லை என்றால், "போகப் போகச் சரியாகும்" என்று காத்திராமல் டாக்டரிடம் காட்டுங்கள். சிறு வயதில் தொடங்கும் பயிற்சி நல்ல பலன் தரும்.

ஸ்வான்சீ நகரப் பெற்றோரும் பிள்ளைகள் மீது உயிரையே வைத்திருந்தவர்கள்தான். 14 ஆண்டுகள் கழித்து வரிசையில் நின்றபோது, அவர்களுக்கு உண்மை தெரிந்துவிட்டது. அந்த 25 வயது வாலிபரின் உயிர்தான் திரும்பி வராது.