பேசாமலேயே மசோதாவை முடக்கலாம்: அமெரிக்க செனட்டின் 60 ஓட்டு கணக்கு

54 பேர் ஆதரவு, 46 பேர் எதிர்ப்பு. எந்த ஊர் கணக்குப்படி பார்த்தாலும் 54தான் ஜெயிக்கணும். ஆனால் 2013 ஏப்ரலில் அமெரிக்க செனட்டில் 54 தோற்றது. சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் சுட்டுக்கொல்லப்பட்டு நாலு மாதம்தான் ஆகியிருந்தது. துப்பாக்கி வாங்குபவர்களின் பின்னணியைச் சோதிக்கும் விதியை விரிவாக்கும் திருத்தம் அது. தேவைப்பட்டது 60.

ஏன் 60?

செனட்டில் மொத்தம் 100 பேர். விவாதத்தை முடித்தால்தான் மசோதா மீது ஓட்டெடுப்பு. விவாதத்தை முடிக்க 60 ஓட்டு வேண்டும். அதாவது, 41 பேர் நினைத்தால் முடக்கிவிடலாம். இதற்குப் பெயர் 'ஃபிலிபஸ்டர்'. (நம்ம சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்தால், மசோதா இன்னும் சீக்கிரமே நிறைவேறிவிடும்!)

ஒரு காலத்தில் இதற்கு உடம்பு நோகணும். 1957-ல் சிவில் உரிமை மசோதாவை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி நேரம் 18 நிமிடம் பேசினார். மசோதா நிறைவேறிவிட்டது, அது வேற கதை. 1964-ல் தென் மாநில செனட்டர்கள் கிட்டத்தட்ட 60 வேலை நாட்கள் அவையை இழுத்தடித்தார்கள். கடைசியில் 71-29 என்ற ஓட்டில் அந்தத் தடை உடைந்தது. அவர்கள் காத்தது நிறவெறியை. ஆனால், யார் தடுக்கிறார்கள் என்பதை நாடே பார்த்தது.

1970-களில் ஒரு மசோதா முடங்கினாலும் மற்ற வேலைகள் நடக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனா அதோடு பேச்சும் போச்சு. இப்போது 'எதிர்ப்போம்' என்று சொன்னாலே போதும். 60 பேரைத் திரட்டும் பாரம் பெரும்பான்மையின் தலையில். தடுப்பவர்கள் அன்றைக்கு அவைக்கு வரணும்கிற கட்டாயம்கூட இல்லை.

சிறுபான்மைக்கு பிரேக் வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் சட்டங்கள் தலைகீழாக மாறுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் அந்த பிரேக் இப்போது எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். 2013-ல் ஜனநாயகக் கட்சி பெரும்பாலான நியமனங்களுக்கு 60 தேவையில்லை என்றது. 2017-ல் குடியரசுக் கட்சி உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கும் அதையே செய்தது. ஆக, ஆயுள் முழுக்கப் பதவியில் இருக்கப்போகும் நீதிபதிக்கு 51 போதும். அடுத்த வருஷமே மாற்றிவிடக்கூடிய சாதாரண சட்டத்துக்கு 60!

ஃபிலிபஸ்டரை ஒழிக்கச் சொல்லவில்லை. பாரத்தை இடம் மாற்றலாம். தடுக்க நினைக்கும் 41 பேரும் ராத்திரி பகலாக அவையில் இருக்கட்டும், காரணத்தை வாய்விட்டுச் சொல்லட்டும். அசந்தால், ஓட்டெடுப்பு நடக்கட்டும்.