இளைஞரும் முகத் திருத்தமும்

கையையும் காலையும் ஒருவன் தானே நேரிற் காண்கிறான். தன் முகத்தை மட்டும் அவன் ஒருநாளும் நேரிற் கண்டதில்லை. கண்ணாடி காட்டுவதையும், படம் காட்டுவதையும், பிறர் வாய்மொழி கூறுவதையுமே தன் முகமென நம்பவேண்டியவனாயிருக்கிறான். ஆகவே, தன் முகத்தைக் குறித்து ஒருவன் கொள்ளும் அபிப்பிராயம் பெரும்பாலும் பிறரிடம் வாங்கிய இரவற் பொருளேயாம். இவ்விரவலை நம்பிப் பதினெட்டு இருபது பிராயத்து இளைஞரும் நங்கையரும் தம் கன்னத்தையும் தாடையையும் மோவாயையும் மாற்றியமைத்துக்கொள்ள வைத்தியரை நாடும் வழக்கம் இக்காலத்துப் பல தேசங்களிலும் பரவி வருகின்றது. அவ்வழக்கத்தின் நன்மை தீமைகளை நம் மாணவர் சற்றே நின்று ஆராய்தல் வேண்டும் என்பது கருதியே இவ்வியாசம் எழுதப்படுகின்றது.

முகத்தைத் திருத்தும் வைத்தியம் இழிவானதொன்றன்று என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளல் வேண்டும். அறுபட்ட மூக்கை மீண்டும் அமைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே விவரித்துள்ளது. ஆங்கிலேயர் படையில் வண்டியோட்டியாயிருந்த கவாஸ்ஜி என்பவனுக்குத் திப்பு சுல்தானின் படையினரால் மூக்கு அறுபட்டது. பின்னர் நெற்றித் தோலைக்கொண்டு அவனுக்குப் புதுமூக்கு அமைக்கப்பட்ட செய்தி 1794ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்துப் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. அந்த இந்திய முறையைக் கார்ப்யூ என்னும் ஆங்கில வைத்தியர் 1814ஆம் ஆண்டில் தம் நாட்டிற் செய்துகாட்டினார். முதல் உலகப் போரில் முகஞ் சிதைந்த வீரருக்காக 1917ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சிட்கப் என்னுமிடத்தில் திறக்கப்பட்ட மருத்துவமனையில், ஹெரால்டு கில்லீஸ் என்பவரும் அவருடைய துணைவரும் 5,000 பேருக்கு மேற்பட்டோர்க்குச் சிகிச்சை செய்தனர். நம் நாட்டிலோ, 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்னும் வைத்தியர், தொழுநோயாற் சிதைந்த கைகளைச் செப்பனிட்டதோடு, அமிழ்ந்த மூக்கையும் உதிர்ந்த புருவத்தையும் திரும்ப அமைக்கும் பணியிலும் ஈடுபட்டார். நோய் தீர்ந்த பின்னும் முகத்தின் வடுவைக் கண்டு ஊரார் ஒதுக்கிவைத்த ஒருவனுக்கு அப்புருவம் வெறும் அலங்காரமோ? ஊருக்குள் மீண்டும் நுழைதற்கு அதுவன்றோ அவனுக்கு வேண்டியிருந்தது.

நிற்க. சிதைந்ததைச் செப்பனிடுதல் ஒன்று. சிதையாததை மாற்றுதல் மற்றொன்று. பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தைக்கும், மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாமையால் உணவை மெல்ல இயலாத இளைஞனுக்கும் செய்யும் சிகிச்சை முன்னதைச் சார்ந்தது. அதனைப்பற்றி இங்குத் தடையொன்றும் கூறுவதற்கில்லை. நன்றாகத் தொழில் செய்யும் தாடை சற்றே அகன்றிருக்கிறதென்றும், நலமுள்ள கன்னம் சற்றே பருத்திருக்கிறதென்றும் கருதி அவற்றைக் குறைத்துக்கொள்வதே பின்னது. இதனைப் பாவமென்று இகழ்வாரும் உளர். அவரவர் முகம் அவரவர் உடைமை, அதிற் பிறர்க்கு என்ன பேச்சு என்று வாதிப்பாரும் உளர். இரு திறத்தாரும் வழக்காடிக்கொண்டிருக்க, இளைஞன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று கேட்கப்படாமலே போகின்றது. இவ்வழியிற் சென்றபின் திரும்பி வருதல் கூடுமோ என்பதே அக்கேள்வி. விலையையும் வலியையும் விளையக்கூடிய அழகையும் விசாரிப்பதற்கு முன்னர் இதனையே விசாரித்தல் வேண்டும் என்பது என் துணிபு.

இக்கேள்வியை உரைகல்லாகக் கொண்டு இன்று வழங்கும் முறைகளை நோக்குவோம். தாடையின் இருபுறத்தும் உள்ள மெல்லுந் தசை பருத்திருத்தலால் முகம் அகன்று தோன்றுவோர்க்குப் பொட்டுலினம் என்னும் நஞ்சை மிகச் சிறிய அளவில் ஊசியின் வாயிலாக அத்தசையிற் செலுத்துவர். நரம்பின் ஏவல் தசையை எட்டாதபடி அந்நஞ்சு தடுத்தலால், தசை வேலை குறைந்து சில வாரங்களில் மெலிகின்றது. சில திங்கள் கழியின் நஞ்சின் பயன் நீங்கத் தசை மீண்டும் தன் தொழிலைத் தொடங்குகின்றது. மோவாய் குறுகியோர்க்கும் கன்னம் ஒடுங்கியோர்க்கும் ஹயலூரானிக் அமிலம் என்னும் பசை போன்ற பொருளைத் தோலின் கீழ் நிரப்புவர். நம் உடலில் இயல்பாகவே உள்ள பொருளாதலின் அது நாளடைவிற் கரைகின்றது. வேண்டாதபோது விரைவிற் கரைப்பதற்கு மருந்தும் உண்டு.

இவ்விரண்டும் ஒருவாறு மீளும் வழிகள் எனலாம். ஆயினும் தீங்கற்ற வழிகள் என எண்ணற்க. நிரப்பும் பொருள் தவறி இரத்தக் குழாயினுட் புகுந்து அடைத்துக்கொள்ளின், தோல் அழுகுதலும், அரிதாகக் கண்ணொளியை இழத்தலும் நேரும். அத்தகைய ஆபத்து நேர்ந்த கணத்தில் செய்யவேண்டியது இன்னதென்று அறியாதார் கையில், விலை மலிவு என்பதற்காக முகத்தை ஒப்படைத்தல் பேதைமையாகும்.

மீளா வழிகள் வேறு. கன்னத்தினுள்ளே தசைகளுக்கிடையே ஒரு கொழுப்புருண்டை உண்டு. பிஷா என்னும் பிரெஞ்சு உடற்கூற்று அறிஞரின் பெயரால் அது வழங்குகின்றது. வாயினுட் சிறிது கீறி அதனை எடுத்துவிடுவர். தழும்பு வெளியே தெரியாமையாலும், நெடுநேரம் பிடியாமையாலும் இதனைச் சிறு காரியமென்றே பலர் கருதுகின்றனர். ஆனால், எடுத்த அவ்வுருண்டை மீண்டும் வளர்வதன்று. தாடையெலும்பின் கோணத்தை அறுத்துக் குறைத்தலும், கன்னவெலும்பை வெட்டி உள்ளே தள்ளி அமைத்தலும் இதனினும் பெரிய சத்திர சிகிச்சைகள். கீழுதட்டிற்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு கீழ்த்தாடையெலும்பின் உள்ளேதான் ஓடுகின்றது. அது ஊறுபடின் உதடு மரத்துப்போகும். அம்மரப்பு சிலர்க்கு ஆயுள் முழுவதும் நீங்காது. அறுத்தெறிந்த எலும்பைப் பழையபடி வளர்க்கும் மருந்தும் இல்லை.

இளமைப் பருவத்தார்க்கு இக்கேள்வி சிறப்பாக உரியது. ஏனெனின், முகம் ஒரே நிலையில் நிற்பதன்று. முகவெலும்புகளுட் கீழ்த்தாடையே இறுதியில் வளர்ந்து முடிவது. பதினெட்டு வயதில் உருண்டிருந்த கன்னம் இருபத்தைந்தில் யாதொரு சிகிச்சையுமின்றித் தானே மெலிந்து நிற்பதை நம் வீடுகளிலேயே காணலாம். பழைய கலியாணப் படத்திலுள்ள தந்தையாரையும் இன்று எதிரில் அமர்ந்திருக்கும் தந்தையாரையும் ஒப்பிட்டு நோக்குவார்க்கு இவ்வுண்மை விளங்கும். நடுவயது கடந்தபின் முகத்துக் கொழுப்பும் எலும்பும் குறைதலாற் கன்னம் குழிவிழுகின்றது. இருபதாம் வயதில் அக்கொழுப்பை எடுத்துவிடுபவர், ஐம்பதாம் வயதில் தமக்கு வேண்டியிருக்கும் சேமிப்பை முன்னரே செலவிட்டவராகின்றனர்.

மீளுமோ மீளாதோ என்று கேட்கும் இளைஞனுக்கு விடை பகர்பவர் யாவர் என்பதும் சிந்திக்கற்பாலது. நோயாளியிடம் உண்மை கூறும் வைத்தியர் பலர் உளர். அவர்களைக் குறைகூறுவது என் கருத்தன்று. எனினும், நோயில்லாதவரிடம் செய்யும் சிகிச்சையில் வைத்தியம் வாணிகமாக மாறுதல் எளிது. தென்கொரியாவின் தலைநகராகிய சியோலில், கங்னம் என்னும் பகுதி அழகு மருத்துவமனைகளுக்குப் பெயர்பெற்றது. ஆங்கிலத்து ‘வி’ எழுத்தைப் போலக் கூரிய தாடையே அழகென்பது அந்நாட்டில் வழங்கும் மதிப்பு. 2016ஆம் ஆண்டில் அந்நகரத்துக் கல்லூரி மாணவரொருவர் தம் அகன்ற தாடையைக் குறைத்துக்கொள்ளச் சத்திர சிகிச்சைக்கு உட்பட்டார். அவருக்கு வயது 24. சிகிச்சையைத் தொடங்கிய வைத்தியர் இடையே வேறு சிகிச்சைகளைச் செய்யச் சென்றுவிட, மாணவர் பெருமளவில் இரத்தம் இழந்தார். வேறு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் நினைவு திரும்பாமலே சில வாரங்களில் இறந்தார்.

அச்சிகிச்சை அறையிற் பொருத்தப்பட்டிருந்த கேமரா நிகழ்ந்தவற்றைப் பதிவு செய்திருந்தது. பிள்ளையை இழந்த அன்னையார் அப்பதிவைப் பன்முறை நோக்கி, எவர் எப்போது அறையில் இருந்தார், எவர் எப்போது நீங்கினார் என்று குறித்து, நீதி கோரி ஆண்டுக்கணக்கிற் போராடினார். வைத்தியருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நோயாளியை மயக்கிச் செய்யும் சிகிச்சை அறைகளிற் கேமரா பொருத்தவேண்டும் என்ற சட்டம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறி, 2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் பிறந்தது, பிள்ளை மீளவில்லை. இவ்வளவும் நேர்ந்தது ஒரு நோயைத் தீர்ப்பதற்காக அன்று என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, இவ்வாசை எங்கிருந்து எழுகின்றது என்பதையும் ஆராய்தல் வேண்டும். இக்காலத்து இளைஞர் தம் முகத்தைக் கண்ணாடியிற் காண்பதினும் கைப்பேசியிற் காண்பதே மிகுதி. கையெட்டும் தூரத்தில் பிடித்தெடுக்கும் படத்தில், கேமராவுக்கு அண்மையிலுள்ள மூக்கு பெருத்தும், சேய்மையிலுள்ள காது சிறுத்தும் தோன்றும். ஓரடித் தொலைவில் எடுத்த படத்தில் மூக்கு, ஐந்தடித் தொலைவில் எடுத்த படத்திற் காண்பதைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு அகன்று தோன்றும் என்று 2018ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்திய ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். நம்மோடு எதிர்நின்று பேசும் நண்பர் நம்மை ஓரடித் தொலைவிலிருந்து காண்பதில்லை. ஆகவே, நாம் வருந்துகின்ற அம்மூக்கு நம் கைப்பேசியில் உள்ளதேயன்றி நம் முகத்தில் உள்ளதன்று. அன்றியும், தாடையை மெலிவித்துக் கன்னத்தை மழுக்கிக் காட்டும் கருவிகள் அக்கைப்பேசியிலேயே உள்ளன. அவை காட்டும் முகத்தோடு தம் மெய்ம்முகத்தை ஒப்பிட்டுத் தோல்வியுறுவார் எண்ணிறந்தோர்.

சிலர்க்கு இவ்வருத்தம் நோயாகவே முற்றுகின்றது. பிறர் கண்ணுக்குப் புலனாகாத குறையொன்றைப் பெரிதாக எண்ணி, நாளெல்லாம் கண்ணாடி முன் நின்று, வெளியிற் செல்லவும் அஞ்சுவர். இளம்பருவத்திலேயே பெரும்பாலும் தொடங்கும் இம்மனநோயைக் கத்தியும் ஊசியும் தீர்ப்பதில்லை. ஒரு குறை நீங்கியதும் மனம் மற்றொரு குறையைத் தேடிக்கொள்ளும். மனநோய் வைத்தியரின் பயிற்சியும் மருந்துமே இதற்குப் பயன்படுவன. தாடையைக் குறைத்துக்கொள்ள விரும்பி வருபவர்க்கு இந்நோய் உண்டோ என்று முதலில் ஆராய்வதே நல்ல வைத்தியரின் கடமை.

“அகத்தின் அழகன்றோ அழகு? முகத்தைப்பற்றிக் கவலை எதற்கு?” என்று இளைஞர்க்கு அறிவுரை கூறும் பெரியோர் பலர். அவ்வறிவுரை உண்மையாயினும், கூறுவார் அதன்படி ஒழுகாமையால் வலியற்றுப்போகின்றது. பெண் பார்க்கச் செல்லும்போது நிறத்தையும் மூக்கையும் அளவிடுவோர் யார்? கன்னம் பருத்த சிறுமியை உறவினர் கூடிய இடத்திற் கேலி செய்வோர் யார்? விடுதியில் உடன்பயிலும் மாணவனுக்கு அவன் முகத்தைக் கொண்டே பட்டப்பெயர் சூட்டி, மூன்றாண்டும் அப்பெயராலேயே விளிப்போர் யார்? இவ்வாறு பிறர் முகத்துக்கு விலை கூறிவிட்டு, அவ்விலையை உயர்த்திக்கொள்ள விரும்புவோரை மட்டும் பழித்தல் முறையாகாது. தென்கொரியாவில், வேலைக்கு விண்ணப்பிப்போரிடம் அவ்வேலைக்குத் தொடர்பில்லாத உருவம், உயரம், எடை ஆகியவற்றைக் கேட்டல் கூடாதென 2019ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. இளைஞரைத் திருத்துவதற்கு முன் அவரை மதிப்பிடுவோரைத் திருத்தவேண்டும் என்பதை அந்நாட்டார் ஒருவாறு உணர்ந்தனர்.

இங்கிலாந்தில் 2021ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தொடங்கி, பதினெட்டு வயது நிரம்பாதார்க்கு அழகின் பொருட்டுப் பொட்டுலினம் ஊசியோ நிரப்பும் ஊசியோ போடுதல் சட்டவிரோதமாக்கப்பட்டுள்ளது. இது நன்றே. ஆயினும், பதினெட்டாம் பிறந்தநாளன்று விவேகம் திடீரெனப் பிறந்துவிடுவதில்லை. சட்டம் விட்ட இடத்தை இளைஞர் தாமே நிரப்பிக்கொள்ளல் வேண்டும். மீளும் வழியாயின் தகுதிபெற்ற வைத்தியரிடமே செல்க. ஆபத்து நேரின் என் செய்வீர் என்று அவரை முன்னரே வினவுக. மீளா வழியாயின் ஓராண்டேனும் பொறுத்திருக்க. சிகிச்சையால் ஊதியம் பெறாத மற்றொரு வைத்தியரின் கருத்தையும் கேட்க. ஓராண்டு கழிந்தும் ஆசை குன்றாது நிற்பின், அது பிறர் ஏளனத்தின் எதிரொலியோ, தம் உள்ளத்தின் நிலைத்த விருப்பமோ என்று எண்ணிப்பார்க்க. காத்திருப்பதனால் இழப்பது ஒன்றுமில்லை. எலும்பு அங்கேயே இருக்கும்.

மாணவ நண்பர்காள்! இக்கட்டுரையைப் படிப்போருட் பெரும்பாலோர் எந்த மருத்துவமனைக்கும் செல்லப்போவதில்லை. ஆயினும், நம்முள் ஒவ்வொருவரும் பிறனொருவனுக்குக் கண்ணாடியாக நிற்கிறோம். தன் முகத்தைத் தான் காணமாட்டாத அவன், நம் சொல்லிலேதான் அதனைக் காண்கிறான். இவ்வாண்டு நம் விடுதிகளில் வழங்கும் அப்பட்டப்பெயர்களை விட்டொழித்து, ஒவ்வொருவரையும் அவர்தம் பெற்றோர் இட்ட பெயரால் அழைப்போமாயின், அதுவே எந்த வைத்தியரும் செய்ய இயலாத உதவியாகும். அவ்வுதவியை நாளை விடியற்காலை முதலே தொடங்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.